அக்கி: முதல் மூன்று நாள்களில் செய்ய வேண்டியவை

அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஒருபக்க விலாவில் காரணம் தெரியாத எரிச்சல் தொடங்குகிறது. இரண்டு மூன்று நாள்களில் அதே இடத்தில் தோல் சிவந்து, அதன்மேல் நீர்க்கொப்புளங்கள் கொத்தாக எழுகின்றன. வீட்டிலுள்ள மூத்தவர்கள் பார்த்தவுடன் அக்கி என்று சொல்லிவிடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அக்கி எழுதுபவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரிப்பதிலும், நல்ல நாள் பார்ப்பதிலும், இடையில் மருந்துக் கடையில் ஏதோ ஒரு களிம்பு வாங்கிப் பூசுவதிலும் நான்கைந்து நாள்கள் ஓடிவிடுகின்றன. அக்கிக்கு உண்மையில் வேலை செய்யும் மாத்திரையோ கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் முழுப் பயனைத் தரும். இந்தக் கட்டுரையில் சொல்லப்படும் மற்றவை அனைத்தும் இந்த ஒரு கணக்கை ஒட்டியே வருகின்றன.

அக்கியை உண்டாக்குவது வேரிசெல்லா சோஸ்டர் என்னும் வைரஸ். சின்னம்மையை உண்டாக்குவதும் இதுவே. சிறுவயதில் அம்மை கண்டு, வேப்பிலை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்த பிறகும் அந்த வைரஸ் உடலை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தை ஒட்டியுள்ள நரம்பு முடிச்சுகளிலும் முகத்து நரம்பின் முடிச்சிலும் அது பல ஆண்டுகள் அடங்கிக் கிடக்கிறது. முதுமையாலோ நோயாலோ மருந்தாலோ உடலின் எதிர்ப்பு சக்தி தளரும்போது, ஏதோ ஒரு முடிச்சில் இருக்கும் வைரஸ் மீண்டும் பெருகி, அந்த நரம்பு வழியே இறங்கித் தோலை வந்தடைகிறது. இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் பொது மருத்துவராக இருந்த எட்கர் ஹோப்-சிம்ப்சன், தம்மிடம் வந்த நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்து, அக்கி வெளியிலிருந்து புதிதாகத் தொற்றுவதன்று, உள்ளே உறங்கிய வைரஸ் விழிப்பதே என்ற கருத்தை 1965ஆம் ஆண்டு விளக்கமாக எழுதினார். உடல் சூட்டினால் அக்கி வருகிறது என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக உள்ளது. வெயிலில் அலைந்ததாலோ கறி சாப்பிட்டதாலோ அக்கி வருவதில்லை என்பதை வீட்டில் எல்லோரும் அறிந்துகொண்டால், நோயாளியின் மீது சுமத்தப்படும் தேவையற்ற பழி குறையும்.

நரம்பு வழியே வருவதால்தான் அக்கிக்கு அதற்கே உரிய ஓர் அமைப்பு உண்டு. ஒவ்வொரு தண்டுவட நரம்பும் உடலின் ஒருபக்கத்தில் ஒரு பட்டை அளவுத் தோலை மட்டுமே கவனித்துக்கொள்கிறது. ஆகவே கொப்புளங்கள் முதுகெலும்பின் அருகே தொடங்கி, விலா வழியே சுற்றி வந்து, மார்பின் நடுக்கோட்டில் நின்றுவிடுகின்றன; மறுபக்கத்தைத் தொடுவதில்லை. அருகில் வைத்துப் பார்த்தால், சிவந்த ஒரு திட்டின் மேல் கடுகளவிலும் மிளகளவிலும் தெளிந்த நீர் கோத்த கொப்புளங்கள் நெருக்கமாக இருப்பதும், ஒரு திட்டுக்கும் அடுத்த திட்டுக்கும் இடையில் தோல் இயல்பாக இருப்பதும் தெரியும். மூன்று முதல் ஐந்து நாள்கள் வரை புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டிருக்கும். பிறகு நீர் கலங்கி, ஏழு முதல் பத்து நாள்களில் பொருக்குத் தட்டும். இரண்டு முதல் நான்கு வாரங்களில் பொருக்கு உதிர்ந்துவிடும். மார்பும் முதுகும் அதிகம் பாதிக்கப்படும் இடங்கள். அதற்கு அடுத்தபடியாக நெற்றியும் கண்ணைச் சுற்றிய பகுதியும் வருகின்றன.

கொப்புளத்துக்கு முன்னால் வலி வருவது பலரைக் குழப்புகிறது. எரிச்சல், குத்தல், ஊறல், துணி உரசினாலே கூச்சம் என்று ஒன்று முதல் ஐந்து நாள்கள் வரை தோலில் எதுவுமே தெரியாமல் வலி மட்டும் இருக்கலாம். இடது மார்பில் வந்தால் மாரடைப்போ என்றும், வலது அடிவயிற்றில் வந்தால் குடல்வால் அழற்சியோ என்றும், இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல்லோ என்றும் அஞ்ச நேரும். அப்படி அஞ்சி மருத்துவமனைக்குப் போவது சரியான செயலே. நெஞ்சு வலியை அக்கியாக இருக்கும் என்று தாமாகவே முடிவு செய்து வீட்டில் காத்திருக்கக் கூடாது, ஈ.சி.ஜி. எடுத்து இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, அடுத்த சில நாள்கள் காலையிலும் மாலையிலும் அந்த இடத்தின் தோலைச் சட்டையை நீக்கிப் பார்த்துவர வேண்டும். முதுகை நோயாளியால் தானே பார்க்க முடியாது என்பதால் வீட்டில் ஒருவர் இந்தப் பொறுப்பை ஏற்பது நல்லது.

அக்கி என்ற பெயரில் வேறு சிலவும் நம்மூரில் அழைக்கப்படுகின்றன. உதட்டோரத்தில் காய்ச்சலை ஒட்டி, அதே இடத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு கொப்புளங்கள் ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வேறொரு வைரஸால் வருபவை. மழைக்காலத்தில் டியூப்லைட் வெளிச்சத்தைத் தேடி வரும் ஒருவகைச் சிறு வண்டு உடலில் நசுங்கினால், அதன் நச்சு நீர் பட்ட இடம் கோடு இழுத்ததுபோல் வெந்து கொப்பளிக்கும். இரவு நன்றாகத் தூங்கி, காலையில் எழும்போது கழுத்திலோ முகத்திலோ இப்படி இருந்தால் வண்டையே முதலில் சந்தேகிக்க வேண்டும். உடல் முழுவதும் பரவலாக வந்தால் அது சின்னம்மையாக இருக்கலாம். இவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை. பெரும்பாலும் பார்த்த மாத்திரத்திலேயே அவர் சொல்லிவிடுவார், ரத்தப் பரிசோதனைகூடத் தேவைப்படாது.

மருத்துவரிடம் போவது

கொப்புளம் முதலில் கண்ணில் பட்ட நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, அன்றோ மறுநாளோ தோல் மருத்துவரையோ பொது மருத்துவரையோ பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதற்காகத் திங்கள்வரை தள்ளுவதும், திங்களன்று அமாவாசை என்று செவ்வாய்க்குத் தள்ளுவதும் இந்த நோயில் கட்டுப்படியாகாது. அரசு மருத்துவமனையின் காலை நேரப் புறநோயாளிப் பிரிவே போதும். தற்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோக வேண்டும். சர்க்கரை நோய், சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய் சிகிச்சை, உறுப்பு மாற்று அறுவை, மூட்டுவாதத்துக்கான மருந்துகள் ஆகியவற்றில் எது இருந்தாலும் கேட்காமலே சொல்ல வேண்டும்.

மருத்துவர் பொதுவாக அசைக்ளோவிர், வாலசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் ஆகிய மூன்றில் ஒன்றை எழுதித் தருவார். சிறுநீரகம் நன்றாக இயங்கும் பெரியவர்களுக்கு அசைக்ளோவிர் 800 மில்லிகிராம் வீதம் நாளொன்றுக்கு ஐந்து வேளையும், வாலசைக்ளோவிர் 1000 மில்லிகிராம் வீதம் மூன்று வேளையும் ஏழு நாள்களுக்குத் தருவது வழக்கம். ஐந்து வேளை என்பது எளிதன்று. பலர் காலை, மதியம், இரவு என்ற பழக்கப்படி மூன்று வேளையோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்தால் ரத்தத்தில் மருந்தின் அளவு போதாமல் போகிறது. காலை ஆறு, பத்து, மதியம் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று கைப்பேசியில் மணி வைத்துக்கொண்டு கொடுத்தால் ஒரு வேளையும் விடுபடாது. இந்த மருந்துகள் சிறுநீர் வழியே வெளியேறுபவை என்பதால் தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். சிறுநீரகக் கோளாறோ இதயக் கோளாறோ காரணமாகத் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்காமல் கொடுத்தால் மனக்குழப்பம்வரை போகக்கூடும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுத்த சீட்டைக் காட்டி மருந்து வாங்குவது கூடாது.

72 மணி நேரம் கடந்துவிட்டால் போகவே வேண்டாமா என்று கேட்பவர்களும் உண்டு. கட்டாயம் போக வேண்டும். புதுக் கொப்புளம் இன்னும் வந்துகொண்டிருந்தாலோ, கண்ணருகே வந்திருந்தாலோ, எதிர்ப்பு சக்தி குறைந்தவராக இருந்தாலோ, தாமதமாகத் தொடங்கினாலும் மருந்து பயன் தரும். வலிக்கு மருந்து எந்த நாளிலும் தேவை.

மருந்துக் கடைகளில் அக்கி என்று சொன்னவுடன் எடுத்துத் தரும் அசைக்ளோவிர் களிம்பைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். வைரஸ் இருப்பது நரம்பில். மேலே பூசும் களிம்பு அங்கே போய்ச் சேர்வதில்லை. களிம்பு பூசிவிட்டோம் என்ற நிம்மதியில் மாத்திரை தொடங்கத் தாமதமாவதே அதன் பெரிய தீங்கு. அதைவிடக் கெடுதலானவை, ஸ்டீராய்டு கலந்த களிம்புகள். அரிப்புக்கும் படைக்கும் தேய்க்கும் அந்தக் களிம்புகளை அக்கியின் மேல் ஒருபோதும் பூசக் கூடாது.

கண், காது

நெற்றியிலோ இமையிலோ மூக்கிலோ அக்கி வந்தால் நாள்கணக்குப் பார்க்கவே கூடாது; அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூக்கின் நுனியில் ஒரேயொரு கொப்புளம் இருந்தாலும் அது முக்கியமான அறிகுறி, ஏனெனில் மூக்கு நுனிக்குப் போகும் நரம்புக் கிளையே கண்ணின் உட்பகுதிக்கும் போகிறது. கண் சிவத்தல், வெளிச்சம் பார்த்தால் கூசுதல், பார்வை மங்குதல் ஆகியவை தோன்றும்வரை காத்திருந்தால் கருவிழியில் நிலையான தழும்பு ஏற்பட்டு, பார்வையே பாதிக்கப்படலாம். காதுக்குள்ளோ காதைச் சுற்றியோ கொப்புளம் வந்து, அதே பக்கத்தில் வாய் கோணுதல், கண்ணை முழுவதும் மூட முடியாமை, காது மந்தம், தலைச்சுற்றல் ஆகியவை சேர்ந்தால் அதுவும் அவசரமே. 1907இல் அதை விளக்கிய அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராம்சே ஹன்டின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. கொப்புளங்கள் உடலின் பல பகுதிகளில் பரவினாலும், கடும் தலைவலியோடு கழுத்து விறைப்போ மனக்குழப்பமோ வந்தாலும், அடிமுதுகிலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் வந்து சிறுநீர் கழிக்க முடியாமல் போனாலும் மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும்.

யாருக்குத் தொற்றும்

அக்கி ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அக்கியாகத் தொற்றுவதில்லை. ஆனால் கொப்புளத்து நீரில் உயிருள்ள வைரஸ் இருக்கிறது. சின்னம்மை வராதவர், அதற்கான தடுப்பூசியும் போடாதவர் அந்த நீரைத் தொட நேர்ந்தால் அவருக்குச் சின்னம்மை வரக்கூடும். இதைப் புரிந்துகொண்டால் வீட்டில் யாரை விலக்கி வைக்க வேண்டும், யாரை வேண்டாம் என்பது தெளிவாகும். சிறுவயதில் அம்மை கண்ட கணவரோ மனைவியோ மருமகளோ பணிவிடை செய்வதில் அச்சமில்லை. புண்ணைத் தொட்ட பின் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். நோயாளியைத் தனி அறையில் அடைத்து, தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போவதற்கு இந்த நோயில் எந்த நியாயமும் இல்லை. வயதானவர்களை அந்தத் தனிமை வலியைவிட அதிகமாகக் காயப்படுத்துகிறது.

விலகி இருக்க வேண்டியவர்கள் மூவர்: கைக்குழந்தைகள், அம்மை வராத கர்ப்பிணிகள், புற்றுநோய் சிகிச்சை போன்றவற்றால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள். சின்னம்மைத் தடுப்பூசி இந்தியாவில் அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை. தனியாரிடம் போட்டாலும் ஒரு வயது முடிந்த பிறகே போடுவார்கள். ஆகவே அக்கி வந்த பாட்டி, மகளின் பிரசவத்துக்குத் துணையாகப் போக வேண்டியிருந்தால், கொப்புளங்கள் அனைத்தும் காய்ந்து பொருக்குத் தட்டும்வரை பயணத்தைத் தள்ளிப்போடுவதே பாதுகாப்பு. அம்மை வராத கர்ப்பிணி ஒருவர் தெரியாமல் தொட்டுவிட்டால் அன்றே தம் மகப்பேறு மருத்துவரிடம் சொல்ல வேண்டும். ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பொருள் இல்லை என்று தெரிந்தால் அவருக்குப் பாதுகாப்பு ஊசி தர வழியிருக்கிறது. புண்ணை மெல்லிய துணியால் மூடி வைப்பது தொற்றை வெகுவாகக் குறைக்கும். துண்டு, படுக்கை விரிப்பு, உள்ளாடை ஆகியவற்றைத் தனியாகத் துவைத்து வெயிலில் உலர்த்தலாம்.

வீட்டில் பராமரிப்பு

குளிக்கக் கூடாது என்று பத்து நாள் குளிக்காமல் வைத்திருப்பது புண்ணில் சீழ் பிடிக்கவே உதவும். வெதுவெதுப்பான நீரில், மென்மையான சோப்புடன், தேய்க்காமல் குளித்து, சுத்தமான துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். எரிச்சல் மிகும்போது குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைப் பதினைந்து நிமிடம் போட்டு எடுத்தால் நன்றாக இதமளிக்கும். ஐஸ் கட்டியை நேரடியாக வைக்க வேண்டாம். உடையாத கொப்புளத்தின் மேல் காலமைன் பூசலாம். உடைந்துவிட்டால் மெல்லியதாக வாசலின் தடவி, ஒட்டாத காஸ் துணியால் மூடலாம். கொப்புளத்தை ஊசியால் குத்தி நீரை வெளியேற்றக் கூடாது. நகத்தை வெட்டி வைக்க வேண்டும், ஏனெனில் தூக்கத்தில் சொறிவதைத் தடுக்க முடியாது. தளர்ந்த பருத்தி ஆடை போதும். பெண்கள் விலாவில் அக்கி இருக்கும்வரை இறுக்கமான உள்ளாடையைத் தவிர்ப்பது வலியைக் குறைக்கும். புண்ணைச் சுற்றிச் சிவப்பு பரவுதல், சீழ், துர்நாற்றம், காய்ச்சல் ஆகியவை வந்தால் பாக்டீரியாத் தொற்று சேர்ந்துவிட்டது என்று பொருள். மறுபடி மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

உணவில் பத்தியம் தேவையில்லை. முட்டை, மீன், பருப்பு, தயிர் எல்லாம் சாப்பிடலாம். சர்க்கரை மாத்திரையை வழக்கம்போல விழுங்கிக்கொண்டு, பத்தியம் என்ற பெயரில் மூன்று வேளையும் கஞ்சி மட்டும் குடிக்கும் முதியவர் சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்து உண்டு.

அக்கி எழுதுதலைப் பற்றி மரியாதையோடுதான் எழுத விரும்புகிறேன். காவிக் கல்லை நீர்விட்டுக் குழைத்து, கொப்புளங்களைச் சுற்றிச் சிங்க உருவம் வரைந்து, ஆறுதலாக நான்கு வார்த்தை பேசி அனுப்பும் குயவர் யாரையும் ஏமாற்றுவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்ததைச் செய்கிறார். குழைத்த காவி உலரும்போது தோல் குளிர்வதும் உண்மை. காவிக்குச் சிவப்பைத் தரும் இரும்பு ஆக்சைடுதான் காலமைனுக்கும் அதன் இளஞ்சிவப்பைத் தருகிறது. ஆனால் எழுதினாலும் எழுதாவிட்டாலும் தோலில் உள்ள புண் சில வாரங்களில் ஆறவே செய்யும். நரம்பில் நடக்கும் சேதம் அதனால் குறைவதில்லை. எழுதியே ஆக வேண்டும் என்று பெரியவர் பிடிவாதம் பிடித்தால், அவரோடு சண்டையிட்டு நேரத்தை இழக்க வேண்டாம்: முதலில் மருத்துவர், முதல் வேளை மாத்திரை, அதன் பிறகு எழுத்து என்று வரிசையை மாற்றுங்கள். உடைந்த புண்ணின் மேலும் கண்ணருகிலும் மட்டும் எதையும் பூச விட வேண்டாம்.

வலி நின்றபாடில்லை என்றால்

பொருக்கு உதிர்ந்து தோல் தேறிய பிறகும், மூன்று மாதங்கள் கடந்தும் அதே இடத்தில் எரிச்சலும் மின்சாரம் பாய்ந்ததுபோன்ற குத்தலும் நீடித்தால் அது அக்கிக்குப் பின்வரும் நரம்பு வலி. வயது கூடக்கூட இதன் வாய்ப்பு கூடுகிறது. தொடக்கத்தில் வலி கடுமையாக இருந்தவர்களுக்கும் அதிகம். புண் ஆறிவிட்டது, இன்னும் என்ன வலி என்று வீட்டார் சலித்துக்கொள்வதை இத்தகையவர்கள் பொறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள். அந்த வலி கற்பனையன்று. சேதமடைந்த நரம்பு ஓயாமல் அனுப்பும் தவறான செய்தி அது. மின்விசிறிக் காற்றோ சேலை முந்தானையோ பட்டாலே வலிக்கும். பாராசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரை இதற்குப் பெரிதாக உதவாது. கேபாபென்டின், ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகளைக் குறைந்த அளவில் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். லிடோகெய்ன் ஒட்டுகளும் உண்டு. முதல் வாரத்தில் தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வரக்கூடும் என்பதால் இரவில் கழிப்பறைக்குப் போகும்போது கைபிடித்துக் கூட்டிச் செல்ல வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; திடீரென்று தாமாக நிறுத்தக் கூடாது.

இளவயதிலேயே அக்கி வந்தாலோ, மீண்டும் மீண்டும் வந்தாலோ, எதிர்ப்பு சக்தி ஏன் குறைந்தது என்று பார்ப்பது அவசியம். சர்க்கரையோடு எச்.ஐ.வி. பரிசோதனையையும் மருத்துவர் எழுதித் தருவார். அதில் அவமானப்பட ஒன்றுமில்லை. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையங்களில் அது இலவசமாகவும் ரகசியமாகவும் செய்யப்படுகிறது.

அக்கிக்குத் தடுப்பூசி உண்டு. ஷிங்ரிக்ஸ் என்ற பெயரில் 2017இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த ஊசி, 2023 முதல் இந்தியாவிலும் கிடைக்கிறது. ஐம்பது வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணையாகக் கையில் போடுகிறார்கள். ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் நடந்த பெரிய ஆய்வுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட அக்கியை அது தடுத்தது. அதில் உயிருள்ள வைரஸ் இல்லாததால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கும் மருத்துவர் ஆலோசனையோடு போட முடிகிறது. கை வலியும் ஓரிரு நாள் காய்ச்சலும் உடல்வலியும் வருவது இயல்பு. விலை அதிகம் என்பதுதான் பெரிய தடை. எல்லாக் குடும்பங்களாலும் இயலாது என்பது தெரிந்தே இதை எழுதுகிறேன். இயன்றவர்கள், குறிப்பாகச் சர்க்கரை நோயுள்ள பெற்றோர் வீட்டில் இருப்பவர்கள், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைக் கேட்க வேண்டும். ஏற்கெனவே அக்கி வந்தவர்களும் புண் முழுவதும் ஆறிய பிறகு இதைப் போட்டுக்கொள்ளலாம், ஏனெனில் ஒருமுறை வந்தவருக்கு அக்கி மறுமுறை வராது என்பதற்கு எந்த உறுதியும் இல்லை.